ஒரு ஆளை இறக்கி, ஒரு ஆளை ஏற்றி

ரேடியோ பேசி முடித்தது. முடித்ததும் வர வேண்டிய இரைச்சல் வரவில்லை.

எமெட் ஷோல்ஸ் மைக்கைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான். கன்ட்ரோலரின் குரல் எப்போதும் குன்றின் மேலிருக்கும் கோபுரத்தைத் தொட்டுவிட்டுத்தான் எஞ்சினுக்குள் வரும். அவள் பேச்சை நிறுத்திய பிறகு கோபுரம் தன் பங்குக்கு, காய்ந்த வாணலியில் தண்ணீர் தெளித்தது போல 'ஸ்ஸ்க்' என்று ஒரு சத்தம் விட்டு அடங்கும். ஆண்டுக் கணக்கில் கேட்டுக் கேட்டு, அது காதில் விழுவதையே எமெட் மறந்துவிட்டிருந்தான். இன்று அது இல்லாதபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே உறைத்தது. கத்தரிக்கோலால் வெட்டியது போலக் குரல் நின்றது. அவ்வளவுதான்.

கோபுரம் வழியாக வராத குரல் என்றால், பக்கத்தில் இருந்து வருகிற குரல். அவர்கள் நின்றிருந்த கெட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப் பலகையையும் பனியையும் தவிர எதுவும் கிடையாது.

"எஞ்சின் ஆறு ஒண்ணு ரெண்டு ஏழு," என்று குரல் மறுபடியும் அழைத்தது. "கிளம்பறதுக்கு வாரண்ட் எழுதிக்கத் தயாரா? ஓவர்."

ஆண் குரல். நிதானமான, வயதான குரல். இந்தப் பிரிவுக்குக் காலையிலிருந்து கன்ட்ரோலராக இருந்தவள் வெல்டா. அவள் சாப்பிடப் போயிருப்பாள், வேறு யாரோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எமெட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்து இருக்கையில் ஹார்லன் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

ஹார்லன் பீக் வண்டியின் டிரைவர். எமெட் கார்டு. அதைவிட முக்கியம், ஹார்லன் எமெட்டின் அக்கா ஓப்பலைக் கட்டியவன். அம்மா அப்பா இல்லாத வீட்டில் எமெட்டை வளர்த்தவள் ஓப்பல். அவனுக்கு இந்த ரயில் வேலை வாங்கிக் கொடுத்தவன் ஹார்லன். மொன்டானாவின் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் இருவரும் ஒரே எஞ்சினில் ஏறாத வாரம் குறைவு.

இன்று மதியத்திலிருந்து அவர்கள் 'பொந்துக்குள்' இருந்தார்கள். மெயின் லைனை விட்டு ஒதுங்கி நிற்கிற லூப் லைனுக்கு அந்தத் தடத்து ரயில்காரர்கள் வைத்த பெயர் அது. பின்னால் ஐம்பது காலி தானிய வேகன்கள். பெய்கிற பனி நின்றுவிட்டது, ஆனால் பெய்து கிடந்ததைக் காற்று தரையிலிருந்து கிளப்பி அடித்துக்கொண்டிருந்தது. நேரம் பிற்பகல்தான். சூரியன் எங்கோ மேலே இருக்கத்தான் செய்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே வானமும் தரையும் ஒரே வெள்ளை, சுண்ணாம்பு அடித்த சுவரை மூக்குக்கு நேரே நிறுத்தி வைத்தது போல. எஞ்சினின் மூக்கே அவ்வப்போது மறைந்துபோயிற்று. பனித் துகள் கண்ணாடியில் உரசுகிற சத்தம் சாக்குப் பையிலிருந்து சர்க்கரை கொட்டுவது போல ஓயாமல் கேட்டது.

ஹார்லனுக்கு நெஞ்சுவலி வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முதலில் அவன் அதைச் சிரித்துத் தள்ளினான். "உங்க அக்கா கட்டிக் குடுத்த ஹாம் சாண்ட்விச்சுடா. இவ்வளவு வருஷம் தின்னும் உயிரோட இருக்கேனே, அதுதான் ஆச்சரியம்," என்றான். பிறகு சிரிப்பு நின்றது. இடது கை கனக்கிறது என்றான். முகம் சாம்பல் நிறமாகி, மேல் உதட்டில் வியர்வை பூத்தது. சாலைகள் எல்லாம் அடைபட்டுக் கிடந்தன. ஆஸ்பத்திரி இருக்கிற சோடா ஊருக்குப் போக ஒரே வழி, அவர்கள் நின்றிருந்த இந்தத் தண்டவாளம்தான்.

ஆனால் வாரண்ட் இல்லாமல் ஓர் அடி நகரக் கூடாது. இந்தத் தடத்தில் சிக்னல் விளக்குகள் கிடையாது. எங்கிருந்து எதுவரை இந்தத் தண்டவாளம் உன்னுடையது என்று கன்ட்ரோலர் ரேடியோவில் வார்த்தை வார்த்தையாகச் சொல்வாள், கார்டு எழுதிக்கொண்டு அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வான், சரியாக இருந்தால் அவள் 'ஓ.கே.' என்று நேரத்தையும் தன் பெயரின் முதலெழுத்துகளையும் சொல்வாள். அந்த ஓ.கே. விழும்வரை வாரண்ட் வெறும் காகிதம். விழுந்துவிட்டால் கல்வெட்டு. சோடா பக்கமிருந்து லூமிஸ் என்பவனுடைய வண்டி வேறு வர வேண்டியிருந்தது. அது எங்கே நிற்கிறது, கிளம்பிவிட்டதா என்று தெரியாமல் மெயின் லைனில் ஏறினால், இந்த வெள்ளையில் இரண்டு எஞ்சின்களும் முட்டிக்கொள்ளும்வரை ஒன்றை ஒன்று பார்க்காது.

எமெட் விடாமல் வெல்டாவை அழைத்துப் பார்த்தான். கோபுரம் செத்துக் கிடந்தது. பனிக்கட்டி பிடித்திருக்கும்.

இப்போது, அவன் அழைக்காத ஒரு குரல்.

"தயார்," என்றான் எமெட். "எழுதிக்கறேன். என் டிரைவருக்கு உடம்பு சரியில்ல, சீக்கிரம் சொல்லுங்க."

குரல் அவசரப்படவில்லை. கெட்டிலிலிருந்து சோடாவரை மெயின் லைனில் போகலாம் என்றது. எமெட்டின் பென்சில் ஓடியது. எதிரே வண்டி இல்லை என்றது. வேறு குறிப்பு, என்று சொல்லிச் சற்று நிறுத்தியது. பிறகு அதே சீரான குரலில் அந்தக் குறிப்பையும் சொன்னது. அந்த நேரம் பார்த்து ஹார்லன் "அம்மா" என்று முனகி முன்னால் சாய்ந்தான். எமெட் ஒரு கையால் அவன் தோளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் எழுதினான். எழுதியதை உரக்கத் திருப்பிச் சொன்னான். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த வேலையை வாய் தானாகவே செய்யும், மனம் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. திருப்பிச் சொல்லும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"ஓ.கே." என்றது குரல்.

நேரமும் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. எமெட் ஒரு கணம் காத்திருந்தான். ஹார்லன் மறுபடியும் முனகினான். எமெட் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினான். பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் வெல்டாவின் எழுத்துகளைத் தானே போட்டான்.

கார்டு வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். ஓட்டத் தெரியாத கார்டு கிடையாது என்பது நடைமுறை. எமெட் ஹார்லனை மெல்ல எழுப்பி இடப்பக்க இருக்கையில் உட்கார வைத்து, கம்பளியைச் சுற்றிவிட்டு, கீழே இறங்கி முழங்கால் புதைகிற பனியில் நடந்துபோய், தடம் மாற்றும் பாயின்ட்டைத் திருப்பினான். திரும்பி வந்து வலப்பக்கம் உட்கார்ந்து பிரேக்கைத் தளர்த்தினான். ஐம்பது வேகன்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி முறுக்கிக் கிரீச்சிட்டு அசைந்தன. எஞ்சினின் அடிவயிற்று உறுமல் பாதத்தின் வழியாக ஏறி வந்தது. மெயின் லைன். முன்னால் வெள்ளை.

"எமெட்," என்றான் ஹார்லன். கண்ணை மூடியபடியே. "நீ அவன்கிட்ட என்னடா சொன்னே?"

"சோடாவரைக்கும் நமக்குத்தான். இன்னும் ஒரு மணி நேரம். தாங்கு."

"அதில்ல. கடைசியில சொன்னியே. ட்ரை ஃபோர்க்ல ஒரு ஆளை இறக்கி, ஒரு ஆளை ஏத்தணும்னு. அவன் சொன்னான். நீயும் சொன்னே."

எமெட் காகிதத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. தன் குரலே அதைச் சொன்னது இப்போது காதில் ஒலித்தது, முழுசாக, தெளிவாக. ட்ரை ஃபோர்க் பாலத்தில் ஒரு ஆளை இறக்கி, ஒரு ஆளை ஏற்றிச் செல்லவும்.

ஆனாலும் அவனிடம் விளக்கம் இருந்தது. உன்னை இறக்கி ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போக ஆள் அனுப்பியிருக்கிறார்கள், வண்டி ஓட்ட மாற்று டிரைவர் ஒருவனை அங்கேயே ஏற்றிவிடுவார்கள், வேறென்ன என்று ஹார்லனுக்குச் சொன்னான். சொல்லச் சொல்ல அது நியாயமாகவும் பட்டது.

ஹார்லன் கம்பளியை நெஞ்சோடு இழுத்துக்கொண்டான்.

"அங்க ரோடு ஏதுடா," என்றான். "பாலம் மட்டுந்தானே இருக்கு."

"பனியில ஓடற வண்டி இருக்கே. அதுல வருவாங்க."

"எனக்கு நெஞ்சுவலின்னு நீ அவன்கிட்ட எப்பச் சொன்னே?"

உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். அதுவும், குரல் வாரண்ட் கொடுப்பதாக அழைத்ததற்குப் பிறகு. எமெட் கண்ணாடியைத் துடைத்தான்.

வண்டி ஓடியது. வெள்ளைக்குள் வேகம் தெரியவில்லை. சக்கரம் தண்டவாள இணைப்புகளில் தட்டுகிற தாளத்தை வைத்துத்தான் நகர்கிறோம் என்றே நம்ப வேண்டியிருந்தது. எப்போதாவது ஒரு தந்திக் கம்பம் வெளிறிய கோடாக எழும்பி, பக்கவாட்டில் நழுவி, அழிந்துபோகும். ஹீட்டர் கால் முட்டியைச் சுட்டது. கண்ணாடி விளிம்பில் பனி உள்பக்கமாகவே பூ வைத்தது. டீசல், பழைய காப்பி, ஹார்லனின் வியர்வை, இந்த வழக்கமான வாசனைகளுக்கு அடியில் வேறொரு வாசனை மெதுவாக ஏறி வருவதை எமெட் உணர்ந்தான். ஆற்றுச் சேறு. கோடையில் நீர் வற்றும்போது அடியிலிருந்து வெளிவருகிற கறுப்புச் சேற்றின் நாற்றம், ஊறிப்போன மரத்தின் நாற்றம். வெளியே எல்லாமே இரும்பாக உறைந்து கிடக்கிற ஜனவரியில்.

ரேடியோவின் சிறிய விளக்கு எரிந்தது.

"ஆறு ஒண்ணு ரெண்டு ஏழு. ட்ரை ஃபோர்க் நெருங்கிட்டீங்க."

கேள்வி இல்லை. சொல்லிற்று. பேசி முடித்ததும் வெட்டியது போல நின்றது.

எமெட் மைக்கை எடுக்கவில்லை. கை போனது, பாதியில் நின்றது.

"ஹார்லன் தயாரா இருக்காரா?" என்றது குரல்.

ஹார்லன் பெயரை எமெட் அந்தக் குரலிடம் சொல்லவே இல்லை. வாரண்டில் வருவது எஞ்சின் எண் மட்டும்தான்.

ஹார்லன் கண்ணைத் திறந்தான். பயப்படுகிறவனாகத் தெரியவில்லை. களைத்துப்போனவன் மாதிரி இருந்தான்.

"நீ திருப்பிச் சொன்னே. அவன் ஓ.கே. குடுத்தான்," என்றான். "வாங்கினா வாங்கினதுதான், எமெட். நம்ம வேலையில அப்படித்தானே."

"நான் நிறுத்தப் போறதில்ல."

"நிறுத்தலைன்னா?"

"நிறுத்தலைன்னா நேரா சோடா. அக்காகிட்ட உன்னை ஒப்படைச்சிட்டு அப்புறம் கம்பெனி என் வேலைக் காகிதத்தை வேணும்னாலும் கிழிச்சுக்கட்டும்."

அதைச் சொன்னபோது தன் குரல் நடுங்காமல் இருந்ததில் எமெட்டுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வேகக் கைப்பிடியை இன்னொரு படி முன்னால் தள்ளினான். எஞ்சின் உறுமல் கூடியது.

ட்ரை ஃபோர்க் பாலம் பழைய மரப் பாலம். ஆழமான ஓடைக்கு மேலே உயர்ந்த மரக் கால்கள், அவற்றின் மேல் ஒற்றைத் தடம். கைப்பிடிச் சுவர் கிடையாது, நடைபாதை கிடையாது. ஸ்லீப்பர் கட்டை முடிகிற இடத்தில் பாலமும் முடிந்துவிடும். அதற்கு அப்பால் வெறும் காற்று. ஆள் நிற்க அங்கே கையளவு இடம் இல்லை.

சக்கரத்தின் சத்தம் மாறியது. கெட்டித் தரையின் தட்டல் போய், கீழே வெற்றிடம் இருக்கிற இடத்தின் உள்ளீடற்ற ஓசை. பாலம்.

ஹார்லன்தான் முதலில் பார்த்தான். அவன் முகம் தன் பக்கத்து ஜன்னலில் ஒட்டி இருந்தது.

"ஆள் நிக்கறாங்க," என்றான். "வண்டி பாக்க நிக்கிற மாதிரி நிக்கறாங்க."

வண்டி பார்ப்பது என்பது அந்தத் தொழிலின் மரியாதை. ஒரு வண்டி கடக்கும்போது, ஒதுங்கி நிற்கிற வண்டியின் ஆட்கள் எந்தக் குளிரிலும் தரையில் இறங்கி நின்று, ஓடுகிற சக்கரங்களைப் பார்ப்பார்கள். எதுவும் உடையவில்லை, எதுவும் இழுபடவில்லை என்றால் கையை உயர்த்தி ஆட்டுவார்கள். போகலாம், எல்லாம் சரி. எமெட் அப்படி எத்தனையோ முறை நின்றிருக்கிறான்.

அவன் தன் ஜன்னலில் பார்த்தான்.

இந்தப் பக்கமும் நின்றார்கள்.

வெள்ளைக்குள் சற்றே அழுத்தமான வெள்ளையாக. வரிசையாக. ஆளுக்கு ஆள் ஒரே இடைவெளி. எல்லோர் தலையும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தபடி. அவர்களுடைய தோள் எஞ்சின் ஜன்னலின் அடிமட்டத்துக்கு இருந்தது. அப்படியானால் கால்? எமெட் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக் கீழே பார்த்தான். ஸ்லீப்பர் கட்டையின் நுனி ஓடியது. அதற்கு அப்பால் அவர்கள். அவர்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பனி சுழன்று சுழன்று ஓடைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

ஒவ்வொருவனாகக் கடக்கக் கடக்க ஒவ்வொரு கை உயர்ந்தது.

எல்லாம் சரி. போகலாம்.

எமெட் கைப்பிடியைக் கடைசிவரை தள்ளினான். நிறுத்தவில்லை. நிறுத்த மாட்டான். இன்னும் கொஞ்ச தூரம். முன்னால் பார். வேறெங்கும் பார்க்காதே. முன்னால்.

இடப்பக்கக் கதவு படாரென்று திறந்தது.

காற்று உள்ளே பாய்ந்தது. பனி. எல்லாம் வெள்ளை. காகிதங்கள் பறந்தன. தன் கையே தெரியவில்லை. சேற்று நாற்றம் வாயை அடைத்தது. எமெட் கத்தினான். ஹார்லன் பெயரை. மறுபடியும். பதில் இல்லை. இருக்கையிலிருந்து எழுந்தான். இடித்துக்கொண்டான். துழாவினான். கம்பளி கிடைத்தது. கம்பளிக்குள் தோள். இறுகப் பிடித்துக்கொண்டான். மறு கையால் கதவைத் தேடினான். இழுத்தான். மூடவில்லை. இழுத்தான். மூடியது.

அமைதி.

சக்கரத்தின் தட்டல் கெட்டித் தரையின் தட்டலாக மாறியிருந்தது. பாலம் முடிந்துவிட்டது.

பனித்தூள் மெல்ல அடங்கியது. ஹார்லன் இருக்கையில் இருந்தான். கம்பளி கழுத்துவரை சுற்றியபடி, தொப்பி கண்ணை மறைக்க முன்னால் சரிந்திருக்க, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. மேலெல்லாம் பனி படிந்திருந்தது. எமெட் அதைத் தட்டிவிட்டான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். தொப்பி மெல்ல இடமும் வலமும் அசைந்தது. வலி இல்லை.

உண்மைதான். அந்த முனகல் நின்றிருந்தது. கம்பளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, சீராக, கடிகாரம் போல.

அடுத்த வளைவில் ரேடியோ உயிர் பெற்றது. வெல்டா. பின்னாலேயே கோபுரத்தின் அந்த வாணலிச் சத்தம். எமெட் வாழ்நாளில் கேட்ட இனிமையான ஓசை அதுதான்.

அவள் பதறிப்போயிருந்தாள். மதியத்திலிருந்து கூப்பிடுகிறேன், எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். ட்ரை ஃபோர்க்கைத் தாண்டி மெயின் லைனில், என்று எமெட் சொன்னான்.

"யார் குடுத்த வாரண்ட்ல வர்றே?" என்றாள்.

"உங்க ஆபீஸ்லதான். வயசான ஆள் ஒருத்தர். ஹார்லனுக்கு நெஞ்சுவலி, ட்ரை ஃபோர்க்ல ஒரு ஆளை இறக்கி ஒரு ஆளை ஏத்தச் சொன்னார்."

"இங்க நான் மட்டும்தான் இருக்கேன், எமெட். நான் உனக்கு எதுவும் குடுக்கல. ட்ரை ஃபோர்க்குக்கு யாரையும் அனுப்பவும் இல்ல."

மற்றதையெல்லாம் அப்புறம் விசாரிக்கலாம் என்று அவளே முடிவு செய்தாள். நல்லவேளையாக லூமிஸின் வண்டி சோடா லூப்பில்தான் ஒதுங்கி நிற்கிறது, நகரவேண்டாம் என்று அவனைப் பிடித்து வைக்கிறேன் என்றாள். ஒழுங்கான ஒரு வாரண்டை ஒழுங்காகச் சொன்னாள். எமெட் ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து, யோசித்துத் திருப்பிச் சொன்னான். ஓ.கே., நேரம், பெயர் எழுத்து. ஸ்டேஷனில் ஆம்புலன்ஸை நிறுத்துகிறேன், ஓப்பலுக்கும் ஃபோன் போடுகிறேன் என்றாள்.

"அக்கா வர்றா," என்று எமெட் இடப்பக்கம் பார்த்துச் சொன்னான். "கேட்டியா? வந்ததும் உன்னை நல்லாத் திட்டப்போறா."

தொப்பி மேலும் கீழும் அசைந்தது.

மீதித் தூரம் எமெட் பேசிக்கொண்டே வந்தான். வாய்க்கு வந்ததையெல்லாம். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற ஹார்லன் எதற்கும் வாய் திறக்கவில்லை. களைப்பு. ஹீட்டர் சுட்டெரித்தது. எமெட்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஹார்லனின் தொப்பி விளிம்பில் ஒட்டிய பனி மட்டும் ஏனோ உருகவில்லை. எமெட் அதைப் பார்த்தான். பிறகு பார்க்காமல் இருந்தான்.

சோடா ஒரு மங்கலான சிவப்புத் துடிப்பாகத் தெரிந்தது. ஆம்புலன்ஸின் விளக்கு. லூப்பில் லூமிஸின் வண்டி நிற்க, அவன் தன் கடைசி வேகன் அருகே தரையில் இறங்கி நின்றான். கழுத்தில் மப்ளர், மூக்கு நுனி சிவந்து, பனியில் கணுக்கால்வரை புதைந்த பூட்ஸ். தரையில் நிற்கிற மனிதன். அவன் கையை உயர்த்தினான். எமெட்டும் உயர்த்தினான். வண்டியை மெல்ல மெல்ல இழுத்து, எஞ்சின் ஸ்டேஷன் முன்னால் வரும்படி நிறுத்தினான்.

ஓப்பல் வந்திருந்தாள். கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல், வீட்டுச் செருப்போடு, பனியில்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவர் ஏணியில் ஏறி இடப்பக்கக் கதவைத் திறந்தார்கள். ஹார்லன் தானாகவே எழுந்து நின்றான். பரவாயில்லையே, நடக்கிறாரே என்று ஒருவன் சொன்னான். மெதுவாக, ஒவ்வொரு படியாக, முகத்தை மார்போடு தாழ்த்தியபடி அவன் இறங்கினான். எமெட் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தான். முடிந்தது. கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

ரேடியோ கிரீச்சிட்டது. லூமிஸ்.

"இந்தப் பக்கம் எல்லாம் சரி, எமெட். உன் கடைசி வேகன் என் முன்னாடிதான் நிக்குது." அவன் பேச்சுக்கு நடுவே காற்று இரைந்தது. "டேய், ஹார்லனை ஏன் இங்க ஏத்தி வச்சிருக்கே?"

எமெட் மைக்கை எடுத்தான்.

"கடைசி வேகன் ஏணியில இருக்கான். கை கம்பியோட உறைஞ்சு ஒட்டியிருக்கு. தொப்பி இல்ல, கோட் இல்ல. கண்ணு திறந்திருக்கு." லூமிஸின் பல் தந்தியடிக்கிற சத்தம் ரேடியோவில் கேட்டது. "இன்னொரு கை ஆடுது, எமெட். காத்து ஆட்டுதா, அவன் ஆட்டறானான்னு எனக்குத் தெரியல."

எமெட் மெதுவாக, மிக மெதுவாக, ஜன்னலுக்கு வெளியே திரும்பினான்.

ஓப்பல் அதைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹார்லனின் கோட்டின் மேல் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, ஏதோ சொல்லித் திட்டிக்கொண்டே முதுகைத் தடவிக்கொடுத்தாள். கையுறை போட்ட இரண்டு கைகள் எழும்பி, எப்படிச் செய்வதென்று இப்போதுதான் கற்றுக்கொள்வது போல, அவள் தோளைச் சுற்றின. ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துவிட்டார்கள். அவள் அதன் இடுப்பைத் தாங்கி உள்ளே ஏற்றினாள். தானும் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் மப்ளரைக் கழற்றி அதன் கழுத்தில் சுற்றினாள்.

எமெட் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தான். அக்கா, அக்கா என்று கத்தினான். எஞ்சின் சத்தத்தில் அது வெளியே போகவில்லை.

கதவு சாத்தப்பட்டது. ஆம்புலன்ஸ் நகர்ந்தது.

பின்பக்கக் கண்ணாடிக்குள் ஓப்பலின் தலை அந்தத் தோளில் சாய்ந்திருந்தது. தொப்பி மட்டும் மெல்லத் திரும்பியது. தோள் திரும்பவில்லை, கழுத்து திரும்பவில்லை, தொப்பி மட்டும் முழுசாகப் பின்பக்கம் திரும்பி எஞ்சினைப் பார்த்தது. அதன் விளிம்புக்கும் அக்காவின் மப்ளருக்கும் நடுவில், முகம் இருக்க வேண்டிய இடத்தில், அழுத்தி மட்டம் செய்த வெள்ளைப் பனி இருந்தது.